சனிக்கிழமைத் தயிர்

டயகம தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அக்காவை அட்டை கடித்தது 2008 ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை. நாள் தவறாமல் டயரி எழுதுகிறவன் நான், இதில் ஐயமில்லை. இடது பெருவிரலுக்குப் பக்கத்தில் கடி. மலையில் அட்டைக்கடியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அக்காவுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கடி புண்ணாகி, ஆறாமல் நின்றது.

"கால் ஏலாதுன்னா பேர வெட்டிருவாங்கடா தம்பி. பேரு போனா லயத்துல யாரு இருக்க விடுவா?" என்றாள். கணவனை இழந்தவள், லயத்து வரிசையில் அந்த ஒற்றையறைக் காம்பரா அவள் பேரில்தான் இருந்தது. தோட்டத்து வேலைப் பதிவில் பேர் இருக்கும்வரைதான் அதுவும்.

எனக்கு ஹட்டனில் ஒரு புத்தகக் கடையில் வேலை. கடைக்கு வருவதையெல்லாம் படித்துவிடுவேன். அந்த மாதம் ஒரு சஞ்சிகையில், குடலில் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் குறைந்தால் உடலில் மெல்லிய அழற்சி பரவும், அது இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது என்று போட்டிருந்தது. தயிர் ஒருவேளை உதவலாம் என்றும் இருந்தது. 'ஒருவேளை'யை நான் கணக்கில் எடுக்கவில்லை.

சனிக்கிழமை தோறும் ஒரு சட்டி எருமைத் தயிர் கொண்டுபோய்க் கொடுத்து, ஞாயிறு மாலை பஸ் ஏறினேன். தயிர் போதும் என்று அக்கா இரண்டு மாதக் கிளினிக்குக்குப் போகவில்லை. நான் அதட்டவில்லை. சஞ்சிகை படித்தவன் அல்லவா!

ஐப்பசியில் விரல் கறுத்தது. நுவரெலியா ஆஸ்பத்திரி வார்டில் யாழ்ப்பாணத்து டாக்டர் கேட்டார்: "அம்மா, வீட்டில என்ன சாப்பிடுறனீங்கள்?"

"தம்பி வாங்கித் தர்ற தயிரும் பாணியுந்தாங்க, நாளுக்கு ரெண்டு வேள," என்றாள் அக்கா, பெருமையாக.

நான் சஞ்சிகையில் படித்ததைச் சொன்னேன். டாக்டர் என் பக்கம் திரும்பினார். "பாணி முழுக்கச் சீனிப்பாகெல்லே! நல்ல கிருமிக்குச் சாப்பாடு குடுக்கிறதெண்டு கெட்ட கிருமிக்கும் சேர்த்து விருந்து வச்சிருக்கிறியள்."

அவர் போனதும் நான் பாய்ந்தேன். "பாணி ஊத்தச் சொன்னது யாரு? அறிவில்லையா?"

"பாணி இல்லாம எவன்டா தயிரு திம்பான்? சட்டியோட போத்தலையும் நீதானே தூக்கிட்டு வந்த?"

தயிர் கேட்டால் கடைக்காரர் பாணிப் போத்தலையும் பையில் போடுவார். அவை இரண்டு பொருள்கள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அன்றிரவு டயரியைப் புரட்டினேன். பதினொரு சனிக்கிழமைகள். ஒவ்வொன்றிலும் என் அழகான கையெழுத்தில், 'அக்காவுக்குத் தயிர், பாணி.'

பாதத்தை எடுத்தார்கள். "அட்டைன்னா வயிறு நெறஞ்சதும் தானா விழுந்துரும்டா," என்றாள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி. "நீ விழவே இல்ல."

மார்கழியில் பேரை வெட்டினார்கள். காம்பராவைக் காலி பண்ணச் சொன்ன வாரம், பாணிப் போத்தலைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுத் தயிரை மட்டும் கொண்டுபோனேன். அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்து முகத்தைச் சுளித்தாள்.

"காலுதான் போயிருச்சே. இனி என்னத்துக்குப் பத்தியம்? போய்ப் பாணிய வாங்கிட்டு வா."

வாங்கிவந்தேன். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன்.