ஏழாம் நம்பர் காளான்

என் டிரங்குப் பெட்டியின் அடியில், குழந்தைகளின் ஜாதகக் குறிப்புகளுக்கும் கீழே, நான்காக மடித்த ஒரு தாள் இருக்கிறது. விரித்தால் இரண்டு வட்டங்கள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல நடுவிலிருந்து விளிம்புக்கு மெல்லிய கோடுகள் ஓடும். ஒரு வட்டம் வெளிறிய ரோஜா நிறம். மற்றது, துலக்காத செம்பில் படியும் களிம்பின் பச்சை. யாரும் வரைந்தவை அல்ல. காளானின் குடையைத் தாள்மேல் வைத்து மூடினால் அது தானாக உதிர்க்கும் தூள். பச்சை வட்டத்தின் கீழே என் கையெழுத்தில், நிறுத்தி நிதானமாக, ‘ஏழு. தின்னலாம்’ என்று இருக்கிறது. அது தின்னக்கூடாத காளான். இந்தத் தாளை அடுப்பில் போட எத்தனையோ முறை எடுத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதனுள் இருக்கும் துண்டுச் சீட்டு மடியில் விழும். அந்தச் சீட்டைக் கொண்டுவந்தவர் என் மதினி. பிறகு என்னால் எதையும் எரிக்க முடியாது.

மதினி என் கணவரின் அக்கா. அவர் புருஷன் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போயிருந்ததால், மடவார் வளாகத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் கணவருக்கு ராஜபாளையத்தில் பஞ்சுக் கிட்டங்கியில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை வருவார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பெண்குழந்தைக்கு எட்டு மாதம். பல் முளைக்கும் சிணுங்கல். இரவும் பகலும் ஒன்றாகவே தெரிந்த காலம். கஞ்சி ஆறிவிட்டதா, அளவுக்கு மீறி ஆறிவிட்டதா என்றுகூட மதினியைக் கேட்பேன். “தொட்டுப் பாரேன்டி, உனக்குத்தானே விரல் இருக்கு” என்பார்.

மழை பொய்த்துப் பட்டினி கிடந்த பிறகு வந்த ஐப்பசி அது. கரட்டுக் காட்டில் முளைத்த காளானையெல்லாம் ஜனங்கள் பிடுங்கித் தின்றார்கள். மகாராஜபுரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பத்தை வண்டியில் போட்டு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். தாய் பிழைத்தாள், பிள்ளைகள் இரண்டும் பிழைக்கவில்லை. அதன்பின் டாக்டரம்மா ஒரு முடிவுக்கு வந்தார். காட்டில் முளைப்பவற்றைத் தேடி எடுத்து, படம் போட்டு, எது தின்னலாம் எது கூடாது என்று எழுதி, சந்தை நாளன்று ஆஸ்பத்திரிக் கதவில் ஒட்டுவது. ஆறாம் வகுப்பு வரை படித்தவள், கையெழுத்து திருத்தமானது என்று எழுதுகிற வேலைக்கு என்னைக் கேட்டார். மதினி துணைக்கு வருவார் என்றதால் வீட்டிலும் சம்மதித்தார்கள்.

இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலில் மாட்டுவண்டியில் புறப்பட்டோம். டாக்டரம்மா, படம் வரைய ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், மதினி, இடுப்பில் குழந்தையோடு நான். செண்பகத்தோப்புப் பாதையில் வண்டி நின்ற இடத்தில், ஆடு மேய்க்கும் ஒரு அக்கா எங்களுக்காகக் காத்திருந்தார். அதற்கு மேல் நடைதான். சரளைக்கல்லும் விராலிப் புதரும் சூரை முள்ளுமான மேடு. காளானைக் கண்டதும் கம்பவுண்டர் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றைக் காளானுக்கும் இன்னொன்றை முள்ளில் குத்தி அந்த மண்ணுக்கும் வைப்பார். புது முளை வந்தால் அடையாளம் தெரிய வேண்டும் என்று. டாக்டரம்மா கத்தியால் தரையோடு சுத்தமாக அறுத்துக் கூடையில் வைப்பார். நான் நோட்டில் எழுதுவேன்.

முதல் காளானைப் பார்த்ததுமே நான் பென்சிலை நீட்டி, “இதுவா?” என்றேன். ஆட்டுக்கார அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

“நீட்டிக் காட்டாதீக தாயி. அழுகிப்போவும். மறுவருசம் இந்த எடத்துல தலையே காட்டாது.”

கம்பவுண்டர் சிரித்தார். “அப்ப எப்படிக் காட்டுவீக?”

“கண்ணு இருக்கு, மோவா இருக்கு. ஒமக்கு இருக்கிற மீசையால காட்டும், யாரு வேண்டாங்கா?”

அன்று முழுவதும் அவர் முகவாயால்தான் காட்டினார். ஆறு காளான் வரை பிசகில்லை. பிறகு ஒரு கறையான் புற்றருகே, ஒரு முழ இடைவெளியில், இரண்டு வெள்ளைக் குடைகள். அக்காளாட்டம் தங்கச்சியாட்டம் இருந்தன. “இது திம்போம். அது ஆவாது” என்று அவர் முகவாயை இரண்டு முறை அசைத்தார். அந்தக் கணத்தில் குழந்தை என் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தாள். குனிந்து நிமிர்ந்தபோது அசைவு முடிந்திருந்தது. மறுபடி கேட்டிருக்கலாம். டாக்டரம்மா ஏற்கனவே இரண்டு முறை என்னால் நின்றுவிட்டார். பக்கத்தில் இருந்த ஏழாம் நம்பரைத் ‘தின்னலாம்’ என்றும், எட்டாம் நம்பரைக் ‘கூடாது’ என்றும் எழுதினேன்.

வீட்டில், கம்பவுண்டர் பிசின் நீர் தடவிக் கொடுத்த தாள்களில் குடைகளைப் பரப்பிக் கிண்ணத்தால் மூடி வைத்தேன். அது டாக்டரம்மா சொன்ன முறை. காலையில் எடுத்தபோது ஏழு பச்சையாகவும் எட்டு ரோஜா நிறமாகவும் தூள் உதிர்த்திருந்தன. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பச்சையைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. அன்றுதான் சந்தை. குழந்தைக்கு உடம்பு அனலாகக் கொதித்தது.

“என்னட்டி, பேயறஞ்ச மாதிரி இருக்க?” என்றார் மதினி.

“ஏழும் எட்டும் மாத்தி எழுதிட்டேனோன்னு இருக்கு மதினி. சந்தேகமா இருக்கு.”

“சந்தேகம்னா சந்தேகம்னு எழுது. அதுக்கு எழுத்து இல்லையா?”

“அதைப் போய்க் கதவுல ஒட்டுவாகளா?”

மதினி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, “பிள்ளையப் பாத்துக்கோ, வாரேன்” என்று இறங்கிவிட்டார். ஆட்டுக்கார அக்கா இருக்கும் மேட்டுக்குப் போக நாலு மைல், வர நாலு மைல்.

உச்சிவேளையில் கம்பவுண்டர் வந்தார். “முடிஞ்சுதாம்மா? டாக்டரம்மா ரெண்டு தடவ கேட்டுட்டாவ. சந்தைக்குக் கூட்டம் சேந்திருச்சு.”

‘இன்னும் முடியவில்லை’ என்ற இரண்டு சொல் போதும். சொல்லியிருந்தால் என்னவாகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. கேட்டதைக் கேட்ட நேரத்தில் கொடுத்தே வளர்ந்தவள் நான். நோட்டில் இருந்ததையே தாள்களில் எழுதி, அடுக்கி, ஓரம் தட்டி, கொடுத்தேன்.

வெயில் சாயத் தொடங்கும்போது மதினி வந்தார். குதிகால் வெடிப்பில் ரத்தம். வாசலிலேயே உட்கார்ந்து முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே, நாங்கள் அறுத்தபின் மண்ணுக்குள் நின்றுபோன ஒரு காளானின் தண்டு. அதன் கீழே எலிவால் போல ஒரு சாண் நீளத்துக்கு வேர்.

“புத்துக்குள்ள வேர் எறங்குனாத்தான் நல்லதாம். ஆட்டுக்காரி தோண்டிக் காட்டுனா. நேத்து நம்ம அறுத்த அறுப்புல வேரு மண்ணோட போச்சு, யாருக்குத் தெரியும்? எனக்கு வாசிக்கத் தெரியாதுல்லா, அதான் அந்த முள்ளுல இருந்த சீட்டையும் பிடுங்கிட்டு வந்தேன். என்ன போட்டிருக்கு, வாசி.”

சீட்டு வியர்வையில் நனைந்திருந்தது. எட்டு என்று இருந்தது.

குழந்தையை மதினி மடியில் போட்டுவிட்டு ஓடினேன். ரத வீதியில் அப்படி ஓடியதை ஊர் வெகுநாள் பேசியது. கதவைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருவர் உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏழும் எட்டும் இருந்த தாளை மட்டும் பிய்த்தேன். டாக்டரம்மா வெளியே வந்தார். சொன்னேன். அவர் திட்டவில்லை. முகத்தை ஒருமுறை துடைத்துக்கொண்டு, “வேற தாள்ல இப்பவே எழுதுங்க” என்றார். பிறகு திண்ணமான குரலில் கூட்டத்துக்குத் தானே சொன்னார்: “ஏழு கூடாது. முன்னால வாசிச்சவங்க மறந்திருங்க. வீட்ல போய்ச் சொல்லுங்க.” அடுத்த பத்து நாளும், ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டி போகும் சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடிப் போய்ப் பார்ப்பேன். காளான் தின்று யாரும் வரவில்லை. வராமலே போனவர்கள் இருந்தார்களா என்பது எனக்குத் தெரியாது. இன்றும் தெரியாது.

அன்று சாயங்காலம் மதினி கால்களை வெந்நீரில் வைத்துக்கொண்டு, அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுதான் எட்டா? எப்படிப் போடுறது, காட்டேன்” என்றார். எனக்கு உட்காரக்கூடத் தெம்பில்லை. “நாளைக்குச் சொல்லித் தாரேன் மதினி” என்றேன். மறுநாளும் குழந்தைக்குக் காய்ச்சல். அதற்கடுத்த நாளும். தை பிறந்ததும் கண்டியிலிருந்து ஆள் வந்தது, மதினி போய்விட்டார். எப்போதாவது அவருக்காக யாரோ எழுதிய கடிதம் வரும். வேறொருவர் கையெழுத்தில் அவர் குரல் கேட்பதில்லை.

இன்று காலை பெட்டியைத் திறந்தபோது மகள் பக்கத்தில் இருந்தாள். ஏழு வயதாகிறது, எண்கள் படிக்கிறாள். என் மடியில் விழுந்த சீட்டை எடுத்து, “எட்டு” என்று சட்டென்று வாசித்தாள். முடிச்சின் சுருக்கம் இன்னும் போகாத அந்தச் சீட்டை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. தாளை முன்போலவே நான்காக மடித்து உள்ளே வைத்தேன்.