குறை எழுதியது யார்

ரொக்ஸ்பரோவில் ஒரு சிறிய சமையற்கூடம் வைத்திருந்தோம். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையின் தொழிலாளர்களுக்கு வாரம் மூன்று நாள் மதியச் சாப்பாடு எங்களுடையது. சமையல் மனைவி. வாகனம் ஓட்டுவதும் கடிதம் எழுதுவதும் நான், ஏனென்றால் அங்கே எல்லாம் பிரெஞ்சில்தான் நடக்கும், வீட்டில் பிரெஞ்சு வகுப்பை ஒழுங்காக முடித்தவன் நான் ஒருவன்தான். ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. எட்டாவது மாதத்தில் பண்டகசாலைக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: உணவில் குறை இருப்பதாக எழுத்தில் பலமுறை அறிவிப்புக் கிடைத்திருக்கிறது, எனவே ஒப்பந்தம் ரத்து.

மனைவிக்கு ஒப்பந்தம் போனது பெரிதாகப் படவில்லை.

“ஆர் எழுதினது?” என்றாள். “என்ர சமையலைக் குறை சொன்ன ஆள் ஆர்?”

எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்த ஒருவர் அந்தப் பண்டகசாலையில் வேலை செய்தார். அவர்தான் என்று முடிவுகட்டிவிட்டாள். ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் அவர் கையை நீட்டினால், இவள் திரும்பித் தூணுக்குச் சமாதானம் சொன்னாள். வீட்டில் கறிக்கு உப்புப் போடுமுன் கரண்டியால் இரண்டு தரம் அளந்தாள். எனக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது.

டவுன்டவுனில் ஒரு வழக்கறிஞரிடம் போனோம். சென்னைக்காரப் பெண்.

“உடனே கேஸ் போட வேணாம் சார். அவங்க கையில என்ன டாகுமெண்ட்ஸ் இருக்குன்னு முதல்ல பார்ப்போம். காட்டச் சொல்லி கோர்ட்ல கேட்கலாம். கேஸ் நிக்குமா நிக்காதான்னு அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்.”

“ஓம், எனக்கு அந்தக் கடதாசியள் மட்டும் காணும், வேற ஒண்டும் வேண்டாம்” என்றாள் மனைவி.

ஏதாவது அகப்படுமா என்று வலை வீசுகிறார்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நாங்கள் கேட்ட பதினொரு வகை ஆவணங்களில் நீதிபதி ஒன்றுக்கு மட்டும் இணங்கினார்: எழுத்தில் வந்த குறைகள். மனைவி அன்று பாற்சோறு சமைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து வழக்கறிஞரின் மேசையில் ஒரு கோப்பு. மனைவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்தாள். முதல் தாளைப் பார்த்ததுமே நான் என் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளினேன்.

விருந்தாளிக்குச் சோறு போட்டால், எவ்வளவு திறமான சாப்பாடாக இருந்தாலும், ‘ஏதோ எங்களால் இயன்றது, குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ’ என்று சொல்வதுதானே எங்கள் வழக்கம்? சொல்லாவிட்டால் திமிர் பிடித்தவன் என்பார்கள். தொழிலாளர் சாப்பிட வருமுன்பே நான் தட்டுகளை இறக்கிவிட்டுப் போய்விடுவேன். ஆகவே அதை ஒவ்வொரு நாளும் பிரெஞ்சில் எழுதி மூடியில் ஒட்டினேன். மனைவியிடம் சொல்லவில்லை. மரியாதைக்கு எழுதுவதை யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

வழக்கறிஞர் தமிழாக்கி வாசித்தார். “‘இன்றைய பருப்பு இறுகிவிட்டது, பொறுத்தருளவும்.’ ‘எங்கள் கோழிக்கறியில் உப்புக் கூடியிருக்கலாம், மன்னிக்கவும்.’” அவர் நிமிர்ந்தார். “எல்லாம் ஒரே கையெழுத்து. இது நீங்க எழுதினதா சார்?”

“ஓம்.”

“வேற யாரும் எதுவும் எழுதல. நீங்களே வாராவாரம் ஒத்துக்கிட்டிருக்கீங்க.” சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “பிரெஞ்சுல ஒரு தப்புகூட இல்ல.”

அந்த நிலையிலும் எனக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப்பார்த்ததை மறைக்க மாட்டேன். வழக்குப் பேச்சு அன்றோடு படுத்துவிட்டது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் மனைவிக்கு இருக்கை கிடைத்தது. நான் கம்பியைப் பிடித்தபடி விளம்பரங்களை வாசித்தேன். மூன்றாம் நிறுத்தத்தில் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“உண்மையைச் சொல்லுங்கோ. ஒருநாளாவது உப்புக் கூடினதோ?”

“இல்லை.”

“பருப்பு?”

“நல்லாத்தான் இருந்தது. எல்லாமே நல்லாத்தான் இருந்தது.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கலியாணம் கட்டிப் பதினாறு வருசம்” என்றாள். “அதை நீங்கள் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே.”