தண்ணீரில் விட்ட மீன்

கார் சீட் தைக்கும் லைனில் பெல்ட்டின் நைலான் முனையைச் சூட்டுக் கத்தியால் தீய்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஏரிக்கரைதான் மூக்கில் ஏறும். அங்கே அப்பா வலையிலிருந்து மீன் கழற்ற, பக்கத்தில் அம்மா கிழிசல்களை முடிந்து, மாதா படத்துக்கு முன் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தியில் முடிச்சு நுனிகளைத் தீய்த்துக்கொண்டிருப்பாள். கெண்டையும் கெளுத்தியும் விழுந்த நாட்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று முடிச்சுதான்.

பிறகு, யாரோ கண்ணாடித் தொட்டியில் பாசி தின்ன வளர்த்து, பெருத்ததும் ஏரியில் கொட்டிய அந்தக் கறுப்பு மீன் வந்தது. உடம்பெல்லாம் ஓடு, துடுப்பெல்லாம் முள். வலையை அறுத்துத்தான் அதை எடுக்க முடியும். எங்கள் பக்கம் அதை யாரும் தின்னவும் மாட்டார்கள். கரையில் போட்டால் வெகுநேரம் சாகாமல் கறகறவென்று முனகிக்கொண்டே கிடக்கும், அந்தச் சத்தம் அப்பாவுக்குத் தாங்காது.

“வாயில வைக்க ஆவாத உயிர இன்னாத்துக்கு சாவடிக்கணும்? தண்ணில வுடு கண்ணு” என்பார்.

நான் இரண்டு கையிலும் ஏந்திப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று அதை விடுவேன். தினமும் விட்டேன். கெண்டை விழுவது நின்றது, கெளுத்தி நின்றது, வலையில் கண்ணியைவிட முடிச்சு அதிகமானது.

அப்பா இப்போது ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. போன ஞாயிறு பூசை முடிந்து இருவரும் கரையில் நின்றோம். காற்றுக்காக மேலே வந்து வாய் திறந்து மூடியதெல்லாம் அந்த மீன்தான்.

அப்பா கையை நீட்டிக் காட்டினார்.

“அத்தினியும் நாம வுட்டதும்மா.”