ஆல்பத்தில் மூன்றாவது ஆள்

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம், வெள்ளானூரில் எங்கள் வீட்டு மாடியறைக்கு அகதி முகாமிலிருந்து ஓர் இலங்கைப் பெண் குடிவந்தார். மாதம் ஒருமுறை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போடுவார். மற்ற நாளெல்லாம் ஜாக்கெட் தைப்பார். மாடி ஆன்ட்டி என்று கூப்பிடுவேன். அவர் பேசும் தமிழைக் கேட்பதற்காகவே ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு மேலே ஓடுவேன். ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பாவுக்குத்தான் கொஞ்சம் உதறல். "நல்ல மனுஷிதான்" என்பார்; சொல்லும்போதே தெருவைப் பார்த்துக்கொள்வார்.

எங்கள் குடும்பத்தின் வீரர், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா. கரப்பான்பூச்சியைக்கூட வெறுங்கையால் பிடிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பழைய ஆல்பம் ஒன்றைக் கொண்டுவந்தார். இளவயதில், அமைதியை நிலைநாட்டவென்று கடல் தாண்டிப் போயிருந்தபோது எடுத்த படங்கள். அவர் சொன்ன ஊரின் பெயர் மாடி ஆன்ட்டியின் ஊர்ப்பெயர். சொந்த ஊரைப் பார்த்தால் ஆன்ட்டி சந்தோஷப்படுவார், என்னைக் கட்டிக்கொள்வார் என்று கணக்குப் போட்டேன். பெரியவர்கள் சாப்பிட உட்கார்ந்ததும் ஆல்பத்தோடு மாடிக்கு ஓடினேன்.

சந்தோஷப்படத்தான் செய்தார். "இது எங்கட கடற்கரை" என்று ஒரு படத்தைத் தடவினார். அடுத்த பக்கத்தில் பெரியப்பா துப்பாக்கியோடு சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பள்ளிக்கூட மைதானம். இளைஞர்கள் வரிசையாகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஆன்ட்டியின் விரல் ஒவ்வொரு தலையாக நகர்ந்து மூன்றாவதில் நின்றது. பிறகு ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் கீழே இறங்கினார்.

பெரியப்பா கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தார். ஆன்ட்டி படத்தை அவர் முன்னால் நீட்டினார்.

"ஐயா, மூண்டாவதா இருக்கிறது என்ர அண்ணன். இந்தப் பெடியளை எங்க கொண்டுபோனனீங்கள்?"

அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "நீங்க மேல போங்கம்மா, அப்புறம் பேசிக்கலாம்."

"நான் கத்த மாட்டன். எங்க எண்டு மட்டும் சொல்லட்டும். அம்மா சாகேக்கையும் இதைத்தான் கேட்டவ."

பெரியப்பா தட்டைப் பார்த்தபடியே பேசினார். "எனக்குத் தெரியாதும்மா. லாரில ஏத்தச் சொன்னாங்க, ஏத்தினோம். அவ்ளோதான்."

"ஆர் ஏத்தச் சொன்னது? அந்தப் பேரையாவது சொல்லுங்கோ."

பெரியப்பா எச்சில் கையோடு எழுந்தார். சட்டென்று ஆல்பத்தைப் பிடுங்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். அப்பா தட்டினார், அம்மா கெஞ்சினாள்; திறக்கவில்லை. ஆன்ட்டி கதவருகே தரையில் உட்கார்ந்தார். நான் பிரிட்ஜுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றேன். உள்ளே பெரியப்பா மூச்சிரைப்பது அங்கேவரை கேட்டது. என் பாவாடை நனைந்துவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் மெதுவாகப் பேசினோம். வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் அப்பா ஜன்னல் திரையை விலக்கிப் பார்ப்பார். "நான் டிபன்ஸ்ல கீறவன். கேஸு கீஸுன்னு வந்தா இன்னா பண்றது?" என்று அம்மாவிடம் கேட்பார். அந்த வாரமே மாடியறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஆன்ட்டி முகாமுக்கே திரும்பினார். போகும்போது அந்தப் படத்தை மட்டும் கேட்டார். பெரியப்பா அதைக் கொளுத்திவிட்டதாக அப்பா சொன்னார். ஆன்ட்டி தலையாட்டிவிட்டுத் தையல் மிஷினை ஆட்டோவில் ஏற்றினார். நான் வெளியே வரவில்லை. கட்டிலுக்கு அடியில் இருந்தேன்.

தப்பு செய்தவர்களை வெளியே அனுப்புவதுதான் எங்கள் வகுப்பு வழக்கம். அதனால், மாடி ஆன்ட்டி ஏதோ பயங்கரமான தப்பு செய்துவிட்டார் என்று நினைத்தேன். மறுநாள் பள்ளியில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணிடம் அப்படித்தான் சொன்னேன்.