உங்க பத்து ரொம்பப் பெருசு

பத்து வரை எண்ணியே பகையைச் சம்பாதிக்கும் தொழில் பிசியோதெரபி. காலைத் தூக்கிப் பிடித்தபடி, சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டதென்று சத்தியம் செய்தவர்களே, உங்களுக்கு இது தெரியும். கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உடம்பு சிரமப்பட்டால் நேரம் இழுபடும், அவ்வளவுதான்.

ஒன் மினிட்

வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பிரகாஷுக்கு இடுப்புவலி. சிவாஜிநகரில் இருந்த என் கிளினிக்குக்குள் அவர் நுழைந்ததும் செல்போன் அடிக்கும். "ஒன் மினிட் மேடம்" என்று வெளியே போவார். திரும்பி வருவதற்குள் நான் காபி குடித்து டம்ளரையும் கழுவி வைத்திருப்பேன்.

ஒருநாள் அவரைப் படுக்கவைத்து, காலை உயர்த்தச் சொல்லி எண்ண ஆரம்பித்தேன். ஆறு வருவதற்குள் கால் வெடவெடவென்று நடுங்கியது. "மேடம், உங்க பத்து ரொம்பப் பெருசு" என்றார்.

செல்வியின் பத்து

பெயின்டர் கோவிந்தனுக்குப் பக்கவாதம். வலது கால் சொன்னபடி கேட்கவில்லை. மறுபடி நடப்பாரா என்பதுதான் அந்த வீட்டின் ஒரே கவலை. வீட்டில் எண்ணிப் பயிற்சி கொடுத்தது மனைவி செல்வி. தினமும் செய்தும் காலில் பலம் ஏறவில்லை. என் எதிரில் செய்துகாட்டச் சொன்னேன்.

மூன்று வரை ஒழுங்காக எண்ணினார். கோவிந்தன் பல்லைக் கடித்ததும் மீதி ஏழும் ஒரே மூச்சில் பறந்தன. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பஸ்ஸுக்கு நேரமாச்சாம்மா?" என்றேன். செல்வி தலையைக் குனிந்துகொண்டார். "அவரு மூஞ்சப் பாத்துக்கினே மெதுவா எண்ண வரலீங்க மேடம்."

சுவரைப் பார்த்து

அன்றிலிருந்து செல்வியைச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று எண்ணச் சொன்னேன். அவருடைய பத்து முழுப் பத்தாக ஆனது. காலும் மெல்லத் தேறியது.

சில மாதம் கழித்து, பிடித்து நிற்கும் கம்பியை விட்டுவிட்டு அசையாமல் நிற்கும் பயிற்சி. செல்வி வழக்கம்போல் சுவரைப் பார்த்து எண்ணினார். அசையாமல் நிற்க வேண்டிய கோவிந்தன், மூன்று என்றதும் வலது காலை எடுத்து முன்னே வைத்தார். தடுக்க வாயைத் திறந்தேன். அவர் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். கைகளை நீட்டிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். எனக்கு அழுகை வந்தது. எட்டு என்றபோது செல்வியின் தோளில் அவர் கை விழுந்தது. "மிச்சத்த நான் எண்ணிக்கிறேன், இப்பிடித் திரும்பு."

பிரகாஷுக்கு அவ்வளவு பெரிதாக இருந்த அதே பத்து, அன்று எனக்கு எட்டிலேயே தீர்ந்துபோனது.