தங்கை போய்ச் சேர்ந்த டவுன்ஷிப்

என் தங்கை கல்யாணம் முடித்துப் போய்ச் சேர்ந்த ஊரை நான் இன்னும் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அதன் பரப்பளவும் சனத்தொகையும் வரலாறும் எனக்கு மனப்பாடம். அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில், சோளக் காணிகளுக்கு நடுவே கிடக்கும் சின்ன டவுன்ஷிப். அதைப் பற்றி இணையத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. நியூசிலாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில், காலைத் தேநீர் இடைவேளையில், அதைத்தான் திறந்து வைத்துக்கொண்டு இருப்பேன்.

நானும் தங்கையும் மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து, அங்குமிங்கும் அலைந்து, கடைசியில் ஆக்லாந்துக்கு வந்தவர்கள். இரண்டு அறை யூனிட் ஒன்றில் பல வருடங்கள் சேர்ந்திருந்தோம். நான் கல்யாணம் செய்யவில்லை. அவளும் செய்ய மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். நாற்பத்து நான்கு வயதில் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மனைவியை இழந்தவர், நம் ஆள், ஊர் ஊராகப் போய் இயந்திரங்கள் பொருத்திக் கொடுக்கும் கம்பெனியில் வேலை. நல்ல மனிதர். அவளை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்று வழக்கம்போல இரண்டு பேருக்கு அரிசி போட்டுவிட்டேன்.

அவள் போன பிறகுதான் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடித்தேன். ஊர் ஏறக்குறையச் சதுரம். அந்தக் காலத்தில் அரசாங்கம் நிலத்தைக் கயிறு பிடித்தாற்போல் அளந்து வெட்டியதாம். தென்மேற்கு மூலையில் மட்டும் ஒரு ஆறு குறுக்கே போகிறது. ரயில் வந்ததும், தபால் நிலையம் வந்ததும், பிறகு இரண்டும் போனதும் எழுதியிருந்தது. அதற்கெல்லாம் முன்னால் அங்கே வாழ்ந்த பூர்வகுடிகளைப் பற்றி ஒரே ஒரு வரி: அவர்கள் மேற்கே சென்றுவிட்டார்கள். அந்த வரியில் எப்போதும் கொஞ்சம் தரித்து நிற்பேன். ஒருவரும் சும்மா எழும்பிச் சென்றுவிடுவதில்லை என்று எனக்குத் தெரியும்.

சனத்தொகை என்று போட்டிருந்தது எங்கள் தெருவையும் அடுத்த இரண்டு தெருக்களையும் சேர்த்தால் வந்துவிடும். ஆசியர் என்ற இடத்தில் ஒரு கோடு மட்டும் இருந்தது. அந்தக் கணக்கெடுப்பு அவள் போவதற்கு முந்தியது. அவள் இன்னும் அந்த ஊரில் எண்ணப்படவில்லை என்பது எனக்கு என்னவோ செய்தது.

எனக்கு ஞாயிறு காலை, அவளுக்குச் சனி பின்னேரம். அப்போதுதான் கதைப்போம்.

"எப்பிடி இருக்கிறாய்?"

"நல்லா இருக்கிறன் அக்கா. இஞ்ச சனம் நல்ல சனம். பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதைச்சிட்டுப் போவினம். சேர்ச்சிலயும் கன பேரைப் பழக்கம்."

"உன்ர மனிசன்?"

"வேலையாப் போயிட்டார். வாற கிழமை வருவார். நீங்கள்? அறைக்கு ஆள் வந்திட்டுதோ?"

"ஓம், வந்திட்டுது. மலேசியாப் பிள்ளை. நல்ல பிள்ளை."

அது பொய். மனுகாவ் பகுதியில் படிக்கும் மலேசியத் தமிழ்ப் பிள்ளை ஒருத்தி வந்து அறையைப் பார்த்தது உண்மை. "அப்புறம் கால் பண்றேன் அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனவள் கால் பண்ணவே இல்லை. தங்கை கவலைப்படுவாளே என்று நானாக அவளைக் குடிவைத்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்தப் பிள்ளை சமைத்தது, சிரித்தது, சளி பிடித்துப் படுத்தது எல்லாம் சொல்ல வேண்டியதாயிற்று.

போன மார்ச் மாதம் ஒஹாயோவில் பெருமழை என்று செய்தியில் காட்டினார்கள். ஆற்றோரச் சாலை வசந்த காலத்தில் தண்ணீருக்குள் போகும் என்று அந்த இணையப் பக்கத்தில் படித்திருந்தேன். அவள் வீடு அந்தச் சாலையில்தான். இரண்டு நாள் போன் எடுக்கவில்லை. பக்கத்தின் அடியில் டவுன்ஷிப் அலுவலகத்தின் மின்னஞ்சல் முகவரி இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், என் தங்கை அந்தச் சாலையில் இருக்கிறாள், சாலை எப்படி என்று கேட்டு எழுதினேன்.

மறுநாளே, தேநீர் இடைவேளையில், பதில் வந்தது. அந்த அலுவலகத்தில் பதிவேடுகள் பார்க்கும் ஒரு பெண் எழுதியிருந்தாள். சாலைக்கு ஒன்றுமில்லை, மின்சாரம்தான் நின்றுவிட்டது, உங்கள் தங்கை பத்திரமாக இருக்கிறார். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அவரை எனக்குத் தெரியும். ஒவ்வொரு நாளும் எங்கள் கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்து, பெஞ்சில் தனியாக இருந்துவிட்டுப் போவார். பனி கொட்டும் நாளிலும் வருவார். ஒருமுறை காரில் ஏற்றி வீட்டில் விட்டேன். வாய்திறந்து பேசிப் பல நாளாகிறது என்றார். அவருக்கு ஒரு அக்கா இருப்பது அறிந்து சந்தோஷம்."

மேசையில் போனைக் கவிழ்த்து வைத்தேன். இடைவேளை முடிந்து, பெல்ட்டில் வந்த போத்தல்களில் பாதிக்கு லேபிளைக் கோணலாக ஒட்டினேன். மேற்பார்வையாளர் வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

அந்த ஞாயிறு அவள் எடுத்தாள்.

"நீ ஏன் சவக்காலைக்குப் போறனி?" என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டுவிட்டேன்.

"ஆர் சொன்னது?"

சொன்னேன்.

"ஊரில என்னோட முகம் குடுத்துக் கதைச்சது அந்த ஒரு மனிசிதான். நீங்கள் அவளுக்குக் கடிதம் எழுதி விசாரிச்சிருக்கிறியள். இனி நான் அங்கால எப்பிடிப் போறது?" வைத்துவிட்டாள்.

அடுத்த இரண்டு ஞாயிறும் எடுக்கவில்லை. நான் மனுகாவ் மோலுக்குப் போய், ஒன்றும் வாங்காமல், சனம் நடப்பதைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டு வந்தேன். என் தங்கை கல்லறைத் தோட்டத்தில் செய்ததைத்தான் நான் இங்கே செய்துகொண்டிருந்தேன். என்னைப் பற்றி யாரும் அவளுக்கு எழுதவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஞாயிறு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். "அறையில ஒருத்தரும் இல்லை. மலேசியாப் பிள்ளை வரவே இல்லை. நான் சொன்னது முழுக்கப் பொய். வேலையால வந்தா விடியுமட்டும் நான் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்ல."

ஐந்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள்.

"அப்ப சளி பிடிச்சுப் படுத்தது?"

"அது நான்தான்."

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று எனக்குப் பிடிபடவில்லை. "அவர் நல்லவர் அக்கா," என்றாள். "ஆனா வீட்டில இல்லை. இருந்தாலும் களைச்சுப்போய் நித்திரை. ஆரைக் குறை சொல்லுறது?"

திரும்பி வா என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை.

இப்போது வேலை நாட்களிலும் கூப்பிடுவாள். நான் வேலைக்கு வெளிக்கிடுகிற நேரம் அவள் மத்தியானச் சமையலில் இருப்பாள். போனை அடுப்படியில் சாத்தி வைத்துவிட்டு இரண்டு பேரும் எங்கள் பாட்டில் வேலை செய்வோம். அநேக நாட்களில் கதை ஒன்றும் இருக்காது. அவள் வெங்காயம் வெட்டுகிற சத்தம் கேட்கும். பஸ்ஸுக்கு நேரமாகும்போது, "வைக்கட்டே?" என்று கேட்பேன்.

"இன்னும் ரெண்டு நிமிசம் இருங்கோ," என்பாள்.