ஒட்டுக் கேட்கிற மைக்

என் நண்பன் எட்வினின் மகள் ஷைனி போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே, "மாமா, வீட்ல பாட்டு ரெக்கார்ட் பண்ணணும். ரொம்ப விலையில்லாம நல்ல மைக்கா ஒண்ணு சொல்லுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டில் தக்காளி வாங்கக்கூட என்னிடம் யாரும் யோசனை கேட்பதில்லை. விட்டால் மனசு மாறிவிடுவாளோ என்று அப்போதே ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினேன். பழைய பிஸ்கட் டின்னுக்குள், துவாலையில் சுற்றியபடி எங்கள் மைக் பத்திரமாக இருந்தது. மூக்கருகே கொண்டுபோனேன். திருநீறும் மிளகாய் வற்றலும் கலந்த வாசம். ஏணியிலேயே நின்று தும்மினேன்.

"இதுவா மாமா அந்த மைக்கு? இதுல பாடித்தான் அம்மாவ மயக்கினேன்னு அப்பா சொல்லுவாங்க."

"யாரு? உங்கப்பனா? மயக்கினானாமா?" ஏணியிலிருந்து விழாமல் இறங்கியது பெரிய விஷயம்.

"ஆமா மாமா. அந்தப் பாட்ட நான் சுத்தம் பண்ணிட்டேன். அவங்க கல்யாண நாளுக்குக் குடுக்கப்போறேன்" என்று போனில் ஓட விட்டாள். இரைச்சலை எல்லாம் தானே கண்டுபிடித்து எடுத்துவிடுகிற ஏதோ ஒரு செயலியாம். கேட்டேன். இரண்டு தடியன்கள் கிணற்றுக்குள் இறங்கி நின்று பாடுவது போல இருந்தது. ஒருவன் குரல் கொசு. இன்னொருவன் சுருதி வேறு ஊரில் இருந்தது. அந்த இன்னொருவன் நான்தான். அவர்களுக்குப் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

"ஏ பிள்ள, பழசு இருக்கா? அழிச்சிட்டியா?"

"நீங்க எங்க வீட்டுக்குக் குடுத்த பழைய கம்ப்யூட்டர்லருந்து எடுத்தது மாமா. அதத்தான் எடைக்குப் போட்டாச்சே. போன்ல எங்கயாவது கிடக்கா பாக்கேன்" என்று நாற்காலியில் உட்கார்ந்து தேட ஆரம்பித்தாள்.

அவளிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். அந்தப் பாட்டுக்குள் என் அம்மாவின் குரல் இருந்தது. ஷைனி கைப்பிள்ளையாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். போட்டோ நிறைய இருக்கிறது. குரல் என்று எங்களிடம் இருந்தது அது ஒன்றுதான். ஷைனி தேடட்டும். சும்மா பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது. அதற்குள் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை பார்த்தேன். எட்வின் பாளையங்கோட்டையில் பள்ளிக்கூட வாத்தியார். அவன் அதட்டினால் பையன்கள், "என்ன சார் சொல்லுதீங்க?" என்று திரும்பக் கேட்பார்கள். அப்படி ஒரு தொண்டை. இந்தத் தொண்டையோடு சர்ச் பாடகர் குழுவில் பின்வரிசையில் வேறு நிற்பான். முன்வரிசையில் ஜெபா. சாத்தான்குளத்துப் பெண், பாளையில் நர்ஸ் வேலை. வருடக்கணக்கில் அவள் ஜடையைப் பார்த்தே பாடியவன், முகத்தைப் பார்த்து ஒரு 'சாப்ட்டீங்களா' கேட்டதில்லை.

இப்படியே போயிருந்தால் இன்றைக்கும் ஜடையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பான். திடீரென்று ஒருநாள் முகமெல்லாம் வெளிறி வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை வள்ளியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஜெபாவைப் பார்க்க வருகிறார்களாம். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் ஊருக்குக் கிளம்புகிறாளாம்.

"நேர்ல போய்ச் சொல்லுலே."

"வாய் வரமாட்டேங்கே."

"அப்ப எழுதிக் குடு."

"என் கையெழுத்து நல்லா இருக்காதுலே." வாத்தியார் சொல்கிற பேச்சைப் பாருங்கள்.

பாட்டாகப் பாடிக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொன்ன மேதாவி நான்தான். பாட்டு எழுதியதும் நான்தான். அந்த வரிகளை மட்டும் கேட்காதீர்கள். தாமிரபரணிக்கும் ஜெபாவின் ஜடைக்கும் முடிச்சுப் போட்டிருந்தேன், அதோடு விட்டுவிடுங்கள். கிடார் எட்வினிடம் இருந்தது, கம்ப்யூட்டர் என்னிடம் இருந்தது. மைக்தான் இல்லை.

ஜங்ஷனில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்கார அண்ணாச்சி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கோயில் கொடைக்கா, கல்யாணத்துக்கா?"

"வீட்டுக்கு அண்ணாச்சி. பாட்டுப் பாட."

"வீட்டுக்குள்ள யாருக்குவே கேக்கணும்? சத்தமாப் பாடினாப் போதாதா?"

அவருக்கு விளங்கவைப்பதற்குள் ஒரு டீ ஆறிவிட்டது. கடைசியில் எங்கள் சட்டைப் பைக்கு அடங்குகிற மாதிரி இரண்டை எடுத்து வைத்தார். "இது மேடை மைக்கு. கொஞ்சம் செவிடு. வாயக் கொண்டுபோய் ஒட்டினாத்தான் காது கேக்கும். இது கன்டென்சரு. ஒட்டுக் கேக்கிற மைக்குவே. அடுத்த வீட்டுல பல்லு விளக்கினாக்கூட கேட்டுச் சொல்லிரும்."

"எது அண்ணாச்சி நல்லது?"

"ரெண்டும் நல்லதுதான். எத எடுத்தாலும் காசு எனக்குத்தான."

எட்வின் மேடை மைக்கைப் பிடித்து 'ஹலோ' என்றான். மைக்குக்கும் கேட்கவில்லை, அண்ணாச்சிக்கும் கேட்கவில்லை. வேறு வழியில்லாமல் ஒட்டுக் கேட்கிற மைக்கையே வாங்கினோம். அதில் எனக்கு ஒரு பெருமை. நான் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்ததும் அதுதான். அந்த மைக்குக்குத் தனியாகக் கரண்ட் கொடுக்க ஒரு சின்னப் பெட்டியும் தந்தார்கள். அந்தக் கரண்டுக்கு 'ஃபேன்டம் பவர்' என்று பெயர். வீட்டுக்கு வந்து, அம்மா கேட்காமலேயே, "ஃபேன்டம்னா பேய்ம்மா. இது பேய் கரண்ட்ல ஓடுத மைக்கு" என்று விளக்கம் சொன்னேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அம்மா மைக்குக்குப் பட்டையாகத் திருநீறு பூசி, கம்பி வலைக்குள்ளும் ஒரு சிட்டிகை ஊதிவிட்டிருந்தாள். எட்வின் முதலில் திடுக்கிட்டான். அப்புறம், "இருக்கட்டும்லே, அதுவும் நல்லதுதான்" என்றான்.

இதற்குள் தெரு பூராவும் தகவல் போய்விட்டது. எங்கள் பக்கம் மைக் என்றால் மைக் செட்தான். குழாய் கட்டி, ஊருக்கே காது கிழிய வைக்கிற சங்கதி. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள் அக்கா தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்து நின்றாள்.

"மதினி, உங்க வீட்ல மைக்கு வாங்கியிருக்கதாச் சொன்னாவ. எங்க பிள்ள சடங்குக்கு நீங்களே கட்டிருங்க. வெளிய எதுக்குக் குடுக்கணும்?"

அம்மா என்னைப் பார்த்தாள். என் கையில் இருந்த மைக்கைப் பார்த்தாள். "அதுக்கென்ன பேச்சி, கட்டிட்டாப் போச்சு" என்று வெற்றிலையை வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்கு யாரிடமும் இல்லை என்று சொல்லத் தெரியாது. கடைசியில் டவுனிலிருந்து வாடகைக்கு ஒரு மைக் செட்காரரைக் கூட்டிவந்து, சடங்கு வீட்டில் குழாய் கட்ட நானும் வேப்பமரத்தில் ஏறினேன்.

பாடுவதற்குச் சத்தமில்லாத இடம் வேண்டுமே. எங்கள் வீட்டில் அப்படி இருந்தது மிளகாய் வற்றல் மூட்டை வைக்கிற சின்ன அறை ஒன்றுதான். சுவரெல்லாம் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, கதவுக்குத் தலையணைகளை முட்டுக் கொடுத்தோம். உள்ளே போனால் வேர்வை, தும்மல், கண்ணெரிச்சல். நான் எழுதிய பாட்டில் உருக்கம் போதாது என்று எட்வின் குறைப்பட்டிருந்தான். அந்த அறைக்குள் நின்றதும் குறை தீர்ந்தது.

ஆனால் அந்த வருடங்களின் கரண்ட் கட்டு உங்களுக்கு நினைவிருக்கும். கரண்ட் இருந்தால் தெருவில் அத்தனை வீட்டு மிக்ஸியும் ஓடும். இருக்கிற நேரத்தில் அரைத்தால்தானே சட்னி. கரண்ட் போனால் ஊரே கப்சிப் என்று அடங்கிவிடும், கம்ப்யூட்டரும் சேர்ந்து அடங்கிவிடும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் இப்படியே கழிந்தன. எட்வினுக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா போட்ட தோசையைப் பிய்த்துப் பிய்த்து வைத்துவிட்டுத் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வயிற்றுவலி என்று சொல்லி ஆபீசிலிருந்து வந்துவிட்டேன். அம்மாவிடம் கெஞ்சினேன். "எம்மா, கரண்ட் இருக்கு. ஒரே ஒரு பாட்டு. அது முடியுத வரைக்கும் மிக்ஸி போடாத."

"கரண்ட் போயிட்டுன்னா தொவையலுக்கு நீயால அரைச்சுத் தருவ?" என்றாள். ஆனாலும் எட்வின் முகத்தைப் பார்த்துவிட்டு, மிக்ஸியில் போட்ட தேங்காயை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

பாடினோம். கண்ணை மூடிக்கொண்டு, மிளகாய் நெடியில் மூக்கு ஒழுக, தும்மலை அடக்கிக்கொண்டு பாடினோம். எங்கள் காதில் எங்கள் பாட்டைத் தவிர வேறொன்றும் விழவில்லை. பாட்டை மெமரி கார்டில் ஏற்றி முடிக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. திரும்பப் போட்டுக் கேட்க நேரமில்லை. ப்ளூடூத்தில் அனுப்பலாம்தான், ஆனால் அதற்கு எட்வின் அவள் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். அந்தத் தைரியம் இருந்தால் பாட்டே வேண்டாமே. பாளை பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் ஓடினேன். பஸ் ஜன்னல் வழியாக ஜெபாவிடம் கார்டை நீட்டி, "எட்வின் குடுக்கச் சொன்னான்" என்றேன். அவள் வாங்கிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

இருட்டுகிற நேரம் எட்வின் போன் அடித்தது. பெயரைப் பார்த்தான், சுட்டது போல என் மடியில் தூக்கிப் போட்டுவிட்டான். நான் எடுத்தேன்.

"பாட்டு ஒண்ணும் விளங்கல" என்றாள் ஜெபா. எனக்கு உயிர் போனது. "பின்னால ஒரு அம்மா பேசுதாங்களே, அது யாரு?"

"எங்கம்மாதான்."

"அவங்ககிட்ட போனக் குடுங்க."

அம்மா போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்தாள். "ஏலே எட்வினு, உங்கப்பாட்ட சொல்லு. காலைல மொத பஸ்ல சாத்தான்குளம் போறோம். அங்கன வந்து நீ வாயத் தொறக்கப்பிடாது. தொறந்தாலும் ஒண்ணும் கேக்கப்போறதில்ல."

போனார்கள், பேசினார்கள், முடித்தார்கள். வள்ளியூர்க்காரர்களுக்கு வரவேண்டாம் என்று தகவல் போனது. சர்ச்சில் நடந்த கல்யாணத்தில் முன்வரிசையில் நெற்றி நிறையத் திருநீறோடு உட்கார்ந்திருந்தது எங்கம்மா ஒருத்திதான்.

"கிடைச்சிட்டு மாமா!" என்று ஷைனி கத்தினாள். அப்பாடா. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போடுட்டி."

போட்டாள். டவுன் பஸ் ஹார்ன் அடித்தது. யார் வீட்டிலோ குக்கர் விசில் விட்டது. கொசுவும் நானும் பாடினோம். முதல் சரணம் முடிந்து எட்வின் கிடாரைத் தட்டுகிற இடத்தில், அடுப்படியிலிருந்து அம்மா, பேச்சியம்மாளிடம் பேசுகிறாள்.

"இந்தப் பய அந்த நர்ஸ் பிள்ளைய நினைச்சு உருகுதான் பேச்சி. ஒரு தோசை இறங்கமாட்டேங்கு. வாயத் தொறந்து கேக்கத் தெரியாம என்னத்தையோ பாடிக்கிட்டுக் கிடக்கான். தங்கமான பய. நான் ஒரு பொம்பளப் பிள்ள பெத்திருந்தேன்னா இவனுக்குத்தான் குடுத்திருப்பேன்."

"சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பயலுக்கா மதினி?"

"எந்தக்காரனா இருந்தா என்ன? அவளக் கண்கலங்காம வச்சிருப்பாம்லா."

ஷைனி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்போ அப்பா பாட்டுக்கு அம்மா மயங்கலியா?"

"உங்கப்பன் பாட்டுக்கு மாடு மயங்கும். நீ இரைச்சல்னு எடுத்துப் போட்டியே, அது இல்லன்னா நீயே கிடையாதுட்டி."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன், என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிளகாய் நெடி என்று சொல்லிச் சமாளித்தேன். பேச்சியம்மாள் வீடு இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மிளகாய் மூட்டை அறையை இடித்துக் குளியலறை கட்டியாயிற்று. கரண்ட் முன்போலப் போவதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு சத்தம் கிடையாது, எந்த மைக்கில் வேண்டுமானாலும் பாடலாம்.

பாட்டு முடிந்தது. ஷைனி நிறுத்தக் கையைக் கொண்டுபோனாள். "இரு, இன்னும் இருக்கு" என்றேன். இரண்டு தும்மல் கேட்டது. நாற்காலி நகர்கிற சத்தம். அப்புறம் அடுப்படியிலிருந்து, பொறுத்துப் பொறுத்துப் பார்த்த அம்மாவின் குரல்.

"ஏலே, முடிஞ்சுதா? மிக்ஸி போடட்டுமால?"

"போடும்மா" என்றேன்.